சப்பாணியை யாரும் தேடுவதில்லை

மருந்து எழுதித் தருவார் என்று நம்பித்தான் அறிவுச்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினாள். அஸ்தம்பட்டியில் இருந்த அந்தக் குழந்தைகள் டாக்டரம்மா, இன்னும் பேச்சு வராத அந்தப் பிள்ளை இலக்கியாவின் காதைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், பின்னால் நின்று கையைத் தட்டித் திரும்புகிறாளா என்று பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்து மேசைமேல் வைத்துவிட்டு, "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. முதல்ல அந்தப் போனைப் பிடுங்கு. நாலு பிள்ளைங்களோட வெளிய விடு. மண்ணுல புரண்டு எழுந்தா பேச்சு தன்னால வரும்" என்றார். ஒரு டானிக்கைக்கூட எழுதித் தரவில்லை.

ஊசி போட்டிருந்தால்கூட அறிவுச்செல்விக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஊசி என்றால் ஒரு நிமிடம் அழுதுவிட்டு மறந்துவிடலாம். வெளியே விடு என்றால், பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இலக்கியாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அம்மா என்பதற்கு ஒரு முனகல், அண்ணா என்பதற்கு ஒரு முனகல், மற்றதற்கெல்லாம் விரல் நீட்டல். பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து நிற்பாள். ஆனால் இருக்கிற இடத்திலிருந்து ஒரு குரல் கொடுக்க மாட்டாள். குரல் கொடுக்காத பிள்ளையை எப்படி வெளியே விடுவது?

அறிவுச்செல்வி ஒன்றும் பட்டணத்தில் வளர்ந்தவள் இல்லை. சின்னவயதில் மரம் ஏறிக் கை ஒடிந்தவள்தான். ஆனால் பிள்ளை பெற்றதும் அந்தத் தைரியமெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியவில்லை. நாய்க்குப் பயம், பாம்புக்குப் பயம், ரிவர்ஸ் எடுக்கிற டிராக்டருக்குப் பயம். எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீருக்குத் துளை போட்டு மூடாமல் விட்ட போர்க்குழிக்குப் பயம்.

அதற்குக் காரணம் அவள் புருஷன்தான். முருகானந்தம் போர் போடுகிற ரிக் லாரியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ஊருக்குப் பாதி ஆம்பளைகள் ரிக்கோடு போனவர்கள்தான். பொங்கல் முடிந்து மத்தியப் பிரதேசத்துக்கு வண்டி கிளம்பினால் மழை பிடித்த பிறகுதான் வீடு. பூமியில் துளை போடுவதுதான் அவன் பிழைப்பு. ஆனால் துளையைப் பற்றி அவன் சொல்கிற கதைகளைக் கேட்டால் சோறு இறங்காது. "ஆறரை இஞ்சு பைப்புதான். பெரிய ஆளுக்குத் தோளு நொழையாது. ஆனா கொழந்தைன்னா..." என்று ஒருமுறை ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். நிறுத்தியதுதான் வினை. மிச்சத்தை அவளாகவே நினைத்துக்கொண்டாள். இலக்கியா தூங்கும்போது அவள் தோளை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சாணால் அளந்து பார்ப்பது அறிவுச்செல்விக்கு வழக்கமாகிவிட்டது. பிள்ளை வளர வளர அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. இன்னும் முழுதாக வரவில்லை.

அவள் வேலை பார்த்தது பெரியசாமியின் தறிப்பட்டறையில். பட்டறைக்கு ஒரு பக்கம் இவர்கள் குடியிருந்த லைன் வீடு, பின்பக்கம் பெரியசாமியின் மானாவாரிக் காடு. கோடையில் காடு சும்மாதான் கிடக்கும். ஒரு வேப்பமரம், ஒரு சோளத்தட்டுப் போர், சக்கரம் இறங்கிப்போன ஒரு டிரெய்லர், காட்டின் கோடியில் தண்ணீர் வராமல் போன ஒரு போர்க்குழி. பரீட்சை முடிந்ததும் அந்த லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடந்தார்கள். அவள் மூத்தவன் கதிர்வேலும் அங்கேதான்.

இலக்கியாவை அங்கே அனுப்புவதற்கு முந்தின நாள் அறிவுச்செல்வி தனியாகப் போய் அந்தப் போரைப் பார்த்தாள். தரையிலிருந்து ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த பைப்பில் நீல மூடி இறுக்கமாக மாட்டியிருந்தது. மூடியின்மேல் ஒரு கருங்கல். காலால் நெட்டிப் பார்த்தாள், அசையவில்லை. கையால் தள்ளியும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து புருஷனுக்குப் போன் போட்டுச் சொல்ல, "மூடியும் போட்டு கல்லும் வெச்சிருந்தா அப்புறம் என்னாத்துக்குப் பயப்படற? டாக்டரு சொன்னதச் செய்யி" என்றான். அவன் பக்கத்தில் கம்ப்ரசர் சத்தம் காதைப் பிளந்தது.

ஆட்டத்தில் சேர்ப்பதற்கும் ஒரு சிபாரிசு தேவைப்பட்டது. அந்தக் காட்டில் ராஜாங்கம் நடத்தியது சாதியா என்கிற பெண். டெய்லர் சைபுல்லாவின் மகள், ஆறாவது போகப் போகிறவள். அவள் சொன்னால்தான் ஆட்டம் தொடங்கும், அவள் சொன்னால்தான் முடியும்.

"சாதியா கண்ணு, பாப்பாவையும் சேத்திக்கங்க சாமி" என்று அறிவுச்செல்வி கெஞ்சினாள்.

சாதியா இலக்கியாவை ஏற இறங்கப் பார்த்தாள். "அவ பேசவே மாட்டாளேங்க்கா. அவுட்டுன்னா அழுவா. நாங்க எப்படி வெளையாடறது?"

"ஒப்புக்குச் சப்பாணியாவாச்சும் சேத்திக்கங்க."

அதற்கு சாதியா ஒத்துக்கொண்டாள். அந்தப் பதவி எல்லா ஊர் ஆட்டத்திலும் உண்டு. சின்னதுகள் அழுதால் அப்படித்தான் சேர்த்துக்கொள்வார்கள். சப்பாணி கூட ஓடலாம், கூட ஒளியலாம், கூடச் சிரிக்கலாம். ஆனால் அவுட்டு கிடையாது, கணக்கு கிடையாது. தொட்டாலும் தொடாததுதான். அறிவுச்செல்வியே தன் பெரியப்பா மகன்களிடம் ரொம்ப நாள் சப்பாணியாக இருந்தவள். அதனால் அவளுக்கு அந்தச் சொல் உறுத்தவில்லை. பத்திரமான பதவி என்றுகூட நினைத்தாள்.

தறி ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதுதான் அவளுக்குப் பெரிய ரோதனை. கொஞ்ச நேரம் ஓட்டுவாள், கை தானாகத் தறியை நிறுத்திவிடும். பின்வாசலுக்குப் போய் நின்று, "எல்லாரும் இருக்கீங்களாடா?" என்று கத்துவாள். காட்டிலிருந்து சாதியாவின் தலைமையில், "இருக்கறமுங்கோ!" என்று கோரஸாகப் பதில் வரும். அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு மறுபடி வந்து தறியைப் போடுவாள்.

பக்கத்துத் தறி சின்னாயி வாய் சும்மா இருக்குமா? "உன்ற பாவுல மட்டும் எப்படி அம்மிணி இத்தனை தடவ நூலு அறுந்துக்குது?" என்று கேட்டாள். "புள்ள பெத்தியா, கண்ணாடிச் சாமான் வாங்கியாந்தியா? உடு. நாமெல்லாம் வளரலையா?"

"உங்களுக்கென்னக்கா, உங்க புள்ளைங்க எல்லாம் வளந்து காலேஜு போயிருச்சு."

"அதுகளும் ஒரு காலத்துல கோவணத்தோட சுத்துனதுகதான்."

டாக்டரம்மா சொன்னது வீண் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இலக்கியா சாயங்காலம் தலை நிறைய மண்ணோடு வந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, கையில் வேப்பம்பழப் பிசின். தட்டில் வைத்த சோற்றை மிச்சமில்லாமல் தின்றாள். போனை எடுத்து நீட்டினாலும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பேச்சு மட்டும் வரவில்லை. ஆனால் பார்வை மாறியிருந்தது. முன்னெல்லாம் எதிலும் ஒட்டாத கண், இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று உன்னிப்பாகக் கவனித்தது. அதை நினைத்து அறிவுச்செல்விக்குச் சந்தோஷம் வந்தது. சந்தோஷம் வந்த உடனே, கண்ணு பட்டுவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம் வந்தது. அவள் சுபாவம் அப்படி.

அப்படி ஒரு நாள் மத்தியானத்திலிருந்தே புழுங்கித் தள்ளியது. மேற்கே மேகம் திரண்டு நின்றது, இறங்குவதாகத் தெரியவில்லை. பொழுது சாயத் தொடங்கிய நேரத்தில் கரண்டு போயிற்று. பட்டறையில் அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதி காதில் அடித்தது. அறிவுச்செல்வி முதலில் கேட்டது பிள்ளைகளின் சிரிப்பைத்தான். மனசு லேசாயிற்று. காலையில் வேகவைத்த கடலைக்காயைத் தூக்குப்போசியில் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். சின்னாயியும் பின்னாலேயே வந்தாள்.

வேப்பமரத்தடியில் கூட்டாஞ்சோறு நடந்துகொண்டிருந்தது. மூன்று கல் கூட்டி அடுப்பு. மணல் சோறு, வேப்பந்தழைக் கீரை, செங்கல் தூள் குழம்பு. ஆளுக்கொரு கொட்டாங்குச்சி.

"வாங்க வாங்க, சம்பந்தி வந்துட்டாங்க!" என்று சாதியா எழுந்து உபசாரம் செய்தாள். "அக்காவுக்குப் பெரிய தட்டுல போடுங்கடா."

ஓரம் மடங்கிய வட்டமான தட்டு ஒன்றில் சோறும் குழம்பும் வந்தன. அறிவுச்செல்வி சிரித்துக்கொண்டே வாங்கினாள். வாயருகே கொண்டுபோய்ச் சாப்பிடுகிற மாதிரி பாவனை செய்தாள். அப்போதுதான் அது என்னவென்று பார்த்தாள்.

நீல மூடி. அவள் வீட்டில் முருகானந்தம் போல்ட்டும் ஆணியும் போட்டு வைத்திருப்பது இதே மாதிரி ஒரு மூடியில்தான். கேசிங் பைப்பை மூடுகிற மூடி. இலக்கியா நடக்கப் பழகியதிலிருந்து அவள் கனவில் வருகிற மூடி.

"இது எங்கடா எடுத்தீங்க?" தன் குரல் தனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அந்தப் பைப்பு மேல இருந்துச்சும்மா" என்றான் கதிர்வேல். கடலைக்காய்ப் போசிமேலேயே கண்ணாக இருந்தான். "கல்லும் அங்க இருந்துதான் உருட்டியாந்தம். நானும் சாதியாக்காவும்."

அடுப்பில் ஒரு கல் மட்டும் கருங்கல்லாக இருந்தது. அன்றைக்குக் காலால் நெட்டிப் பார்த்த அதே கல்.

அறிவுச்செல்வி சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். சாதியா இருந்தாள். கதிர்வேல் இருந்தான். லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு, தேடிய தலை மட்டும் கிடைக்கவில்லை.

"பாப்பா எங்கடா?"

கதிர்வேல் அப்போதுதான் திரும்பிப் பார்த்தான். "ஒளிஞ்சிருப்பா."

"எப்ப இருந்து?"

"ஐஸ்பாய் வெளையாடறப்ப ஒளிஞ்சா. நாந்தான் எண்ணுனேன். அதனால அவ தனியா ஒளிஞ்சுக்கிட்டா. எப்பவும் எங்கூடத்தான் ஒளிவா."

"அப்புறம் நீ தேடலையா?"

"எல்லாரையும் கண்டுபுடிச்சிட்டேன். ஆட்டம் முடிஞ்சுதுன்னு சோறாக்க வந்துட்டம்." அம்மாவின் முகத்தைப் பார்த்து அவன் குரல் இறங்கியது. "அவ சப்பாணிம்மா. சப்பாணியத் தேட மாட்டாங்க."

"நான் கத்திக் கேட்டேனேடா! எல்லாரும் இருக்கீங்களான்னு கேட்டேனே! இருக்கறம்னு சொன்னீங்களேடா!"

பிள்ளைகளைச் சொல்லியும் குற்றமில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆட்டத்தில் இருந்த எல்லாரும் இருந்தார்கள். சப்பாணி எந்தக் கணக்கிலும் வரமாட்டாள் என்பது அறிவுச்செல்விக்கும் தெரிந்த சட்டம்தான். அந்தக் கணக்கில் தன் பிள்ளையைக் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டது அவளேதான்.

ஓடினாள். தூக்குப்போசி எங்கே விழுந்தது என்று தெரியாது. "பாப்பா! இலக்கியா! சாமி!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். கத்தி என்ன பிரயோசனம்? பதில் குரல் கொடுக்கிற பிள்ளையா அது? சோளத்தட்டுப் போரைச் சுற்றி வந்தாள். தட்டுக் கட்டுகளை இழுத்து எறிந்தாள். டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். இருட்டாக இருந்தது, கோழி ஒன்று அடை படுத்திருந்தது. நிமிர்ந்து காட்டுக் கோடியைப் பார்த்து ஓடினாள். அவள் நகர்ந்த கொஞ்ச நேரத்தில் அந்தக் கோழி கொக்கரித்துக்கொண்டு வெளியே பறந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்ணுக்கு அந்தப் பைப்பைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

பைப்பு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

அதன் பக்கத்தில் இரண்டு செருப்பு. ரோஸ் கலர், பட்டாம்பூச்சி ஒட்டிய செருப்பு. கழற்றி எறிந்த மாதிரி இல்லை. வீட்டு வாசலில் விடுகிற மாதிரி ஜோடி சேர்த்து வைத்திருந்தது. சுற்றிலும் புழுதியில் சின்னச் சின்னக் காலடிகள். எது யாருடையது என்று எப்படிச் சொல்வது?

அறிவுச்செல்வி மண்டிபோட்டு உள்ளே பார்த்தாள். கறுப்பு. கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. "சாமி..." என்று கூப்பிட்டாள். அவள் குரலே அடியில் போய் வேறொருத்தியின் குரலாகத் திரும்பி வந்தது. காதை வைத்துக் கேட்டாள். தன் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. அழக்கூட வரவில்லை அவளுக்கு.

சின்னாயி இரைக்க இரைக்க வந்து சேர்ந்தாள். பைப்பைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள். "பயர் சர்வீசுக்குச் சொல்லட்டுமா அம்மிணி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சொல்லுங்கள் என்று அறிவுச்செல்வியால் சொல்ல முடியவில்லை. சொல்லிவிட்டால் அது நடந்ததாக ஆகிவிடும். அவள் விரல் தானாகப் புருஷனின் நம்பரை அழுத்தியது. மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ எடுத்தான்.

"ஏனுங்க... பாப்பாவக் காணமுங்க. பெரியசாமியண்ணன் காட்டுப் போரு தொறந்து கெடக்குது. செருப்பு இங்க கெடக்குது."

அந்தப் பக்கம் கம்ப்ரசர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "நிறுத்துங்கடா! வண்டிய நிறுத்துங்க!" என்று அவன் யாரையோ பார்த்துக் கத்தினான். மத்தியப் பிரதேசத்தில் எங்கேயோ ஒரு வயலின் நடுவில் ஒரு ரிக் நின்றது. அவன் பேசியபோது குரல் ரொம்ப நிதானமாக இருந்தது. அந்த நிதானம்தான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"அழுவாத. நான் சொல்றதக் கேளு. பைப்புகிட்ட ஆரும் வந்து நிக்கக் கூடாது, மண்ணு உள்ள சரியும். மூஞ்சி பாக்கற கண்ணாடி இருக்குதா? வெயிலப் புடிச்சு உள்ள அடி. நாங்க இங்க அப்படித்தான் உள்ள பாக்கறது. வெளிச்சம் நேரா எறங்குச்சுன்னா ரொம்ப தூரம் தெரியும். போ, வெசயா."

சின்னாயி அதற்குள் ஓடியிருந்தாள். வயசுக்கும் உடம்புக்கும் மீறின ஓட்டம். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைகளை வேப்பமரத்தடியிலேயே நிற்கச் சொல்லி, சாதியாவை அதட்டிவிட்டு வந்தாள். கதிர்வேல் அங்கே நின்று ஓவென்று அழுகிற சத்தம் கேட்டது.

கண்ணாடி வந்தது, வெயில் போய்விட்டது. அத்தனை நாளும் தீயாய்க் காய்ந்த சூரியன் அந்த நேரம் பார்த்து மேகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. காடு முழுக்கச் சாம்பல் நிறமாயிற்று. அறிவுச்செல்வி கண்ணாடியைப் பைப்பின் வாய்க்கு மேலே சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் தரையில் கிடந்தது. "தெரியுதா? ஏதாச்சும் தெரியுதா?" என்று அதிலிருந்து முருகானந்தம் கேட்டுக்கொண்டே இருந்தான். "இன்னும் வெயிலு வல்லீங்க" என்று சின்னாயிதான் பதில் சொன்னாள்.

ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் அறிவுச்செல்வி கூப்பிட்டு முடித்துவிட்டாள். வேண்டுதலைக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. பேச்சு வர வேண்டாம். ஒரு வார்த்தை வர வேண்டாம். ஆயுசு முழுக்க விரல் நீட்டியே காட்டட்டும், நான் புரிந்துகொள்கிறேன். நாள் முழுக்கப் போனை வைத்துக்கொண்டு மூலையில் உட்காரட்டும். இந்த இருட்டுக்குள் மட்டும் அவள் இருக்கக் கூடாது. இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மாவை நினைத்துத் திட்டினாள், தன்னைத் திட்டினாள். நேற்று ராத்திரி பிள்ளையின் தோளைச் சாணால் அளந்த கை, இப்போது பைப்பின் வாய்மேல் தானாகப் போய் விரிந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

மேகத்தின் ஓரம் வெளுத்தது. சூரியன் எட்டிப் பார்த்தது. கண்ணாடியில் வெளிச்சம் விழுந்து பளீரென்று அவள் கண்ணிலேயே அடித்தது. திருப்பினாள். கண்ணாடி ஆடியதில் வெளிச்சம் பைப்புக்குள் நிற்காமல் புழுதியில் ஓடியது, சின்னாயியின் சேலைமேல் ஓடியது. "ஆடாம புடி அம்மிணி, ஆடாம புடி" என்று சின்னாயி அழுதாள். அறிவுச்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணாடியை நிமிர்த்தினாள். கண்ணாடியில் வானம் தெரிந்தது. தன் மூஞ்சி தெரிந்தது. தன் தோளுக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ ஒன்று அசைந்தது.

அது என்னவென்று புரிவதற்குள் அவள் முதுகில் பொத்தென்று ஒரு அடி விழுந்தது.

"ஐஸ்!"

கண்ணாடி கையை விட்டு மண்ணில் விழுந்தது. அறிவுச்செல்வி திரும்பினாள். மஞ்சள் கவுன், தலை நிறையச் சோளச் சருகு, மூக்கில் ஒட்டடை, காலில் செருப்பில்லை. இலக்கியா நின்றுகொண்டிருந்தாள். ஒளிந்தவர்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறவனைப் பின்னால் போய் முதுகில் தட்டி "ஐஸ்" சொல்லிவிட்டால் அந்த ஆட்டத்தில் அதற்குமேல் வெற்றி கிடையாது. அந்த வெற்றி அவள் முகம் முழுக்க இருந்தது.

தேட வந்தது அம்மா. பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சோளத்தட்டுப் போரைச் சுற்றினாள், டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அப்படியென்றால் அம்மாதான் இந்த ஆட்டத்தைப் பிடிக்கிறவள் என்று பிள்ளை எடுத்துக்கொண்டுவிட்டது. இத்தனை நாளில் யாருமே அவளைத் தேடியதில்லை. முதன்முதலாக ஒருத்தி தேடி வந்ததும், பெரிய பிள்ளைகள் செய்கிற அத்தனையும் அவளும் செய்தாள். தட்டுப் போருக்குள்ளிருந்து டிரெய்லருக்கு, டிரெய்லரின் கோழியைக் கிளப்பிவிட்டு அதன் சக்கரத்துக்குப் பின்னால், அங்கிருந்து வரப்போரமாக ஊர்ந்து இங்கே. முதலில் ஒளிய ஓடும்போதே செருப்பைப் பைப்போரம் விட்டுப் போயிருந்தாள். நடக்கிற சத்தம் கேட்கக் கூடாதென்று செருப்பைக் கழற்றி வைக்கச் சொல்லிக் கொடுத்தது கதிர்வேல் என்பது பிறகு தெரிந்தது. கழற்றினால் வரிசையாக வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அறிவுச்செல்வியேதான்.

அறிவுச்செல்வியின் கை அடிக்க ஓங்கிவிட்டது. ஓங்கின கை அப்படியே பிள்ளையை இழுத்து நெஞ்சோடு அணைத்தது. மண்ணும் வேர்வையும் கலந்த அந்தத் தலையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு, அதுவரை வராத அழுகையெல்லாம் அழுதாள். சின்னாயி அப்படியே புழுதியில் உட்கார்ந்து, "அடி என்ற ராசாத்தி, என்ற உசுரே போயிருச்சேடி" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஏய், என்னாச்சு? பேசு புள்ள! அது ஆரு சத்தம்?" தரையில் கிடந்த போன் கதறியது.

"உங்க மவதாங்க" என்று குனிந்து சொன்னாள் சின்னாயி. "உங்க மவ பேசறாளுங்க. பின்னால வந்து, உங்க பொண்டாட்டிய அவுட்டாக்கிப் போட்டாளுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

இலக்கியாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஐஸ் சொல்லிவிட்டால் சட்டம் என்ன? பிடிக்கிறவர் மறுபடி கண்ணைப் பொத்தி முதலிலிருந்து எண்ண வேண்டும். இங்கே என்னடாவென்றால் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். அவள் நெளிந்து பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டாள். தன் இரண்டு கையாலும் தன் கண்ணைப் பொத்திக் காட்டினாள். அம்மாவைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"அவ மறுக்கா உன்ன எண்ணச் சொல்றா" என்றாள் சின்னாயி.

"என்னால முடியாதுக்கா."

அவளால் முடியாதுதான். பிள்ளையைக் கையிலிருந்து விட்டதே பெரிசு, கண்ணை மூடுவது எப்படி? தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டு, போனைக் கையில் கொடுத்து உட்காரவைத்துவிட வேண்டும். அதைத்தான் செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும். எழுந்திருக்கக்கூடச் செய்தாள். இலக்கியா கண்ணைப் பொத்தியபடி, விரல் இடுக்கு வழியாக அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிலும் ஒட்டாமல் கிடந்த கண்ணா இது என்று இருந்தது. ஒரு வார்த்தை அவளுக்குள் முளைத்து வெளியே வந்திருக்கிறது. கதவைச் சாத்தினால் அடுத்த வார்த்தை எங்கிருந்து வரும்?

அறிவுச்செல்வி முந்தானையால் மூஞ்சியைத் துடைத்தாள். வேப்பமரத்தைப் பார்த்து, "டேய் கதிரு, சாதியா! அந்த மூடியக் கொண்டாங்க! கல்ல ரெண்டு பேரும் சேந்து உருட்டியாங்க!" என்று கத்தினாள். அவர்கள் கொண்டுவரும்வரை பைப்பின் வாயைத் தன் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டே இருந்தாள். மூடியிலிருந்த மணல் சோற்றைக் கொட்டிவிட்டுத் தானே அழுத்தி மாட்டினாள். கல்லைத் தானே தூக்கி மேலே வைத்தாள். அசைத்துப் பார்த்தாள். இருட்டுவதற்குள் கம்பி போட்டுக் கட்டாவிட்டால் பெரியசாமி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுவேன் என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. கல்லின்மேல் தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

கதிர்வேல் அழுது வீங்கின முகத்தோடு தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "பாப்பா இன்னும் சப்பாணியாம்மா?" என்று கேட்டான்.

"இல்ல. இனிமே அவளும் ஆட்டத்துல சேத்திதான். சாதியா, கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க்கா" என்றாள் சாதியா. அன்றைக்கு அவள் குரலில் ராஜாங்கம் இல்லை.

அறிவுச்செல்வி இரண்டு கையாலும் கண்ணைப் பொத்தினாள். விரலுக்கு நடுவில் இடுக்கு விடலாம், யாருக்கும் தெரியாது. விடவில்லை. "ஒண்ணு" என்றாள். பிள்ளைகள் சிதறி ஓடுகிற சத்தம் கேட்டது. எந்தச் சத்தம் இலக்கியாவுடையது என்று தெரியவில்லை. அவள் இந்தத் தடவையும் செருப்பைப் போடவில்லை. "ரெண்டு" என்றாள். போனிலிருந்து முருகானந்தமும் மெல்லக் கூடவே எண்ண ஆரம்பித்தான். வயிற்றில் அந்த நெருப்பு அப்படியேதான் இருந்தது. அவள் எண்ணினாள். பத்து வந்தது.

"வரட்டுமா?"

காடு சத்தமில்லாமல் கிடந்தது. யாரும் குரல் கொடுக்கவில்லை. கொடுக்கவும் கூடாது.

அறிவுச்செல்வி கண்ணைத் திறந்து, கல்லைவிட்டு எழுந்து, தன் மகளைத் தேடப் போனாள்.